முள் மாட்டுகிற இடம்

அந்த ரெக்கார்டை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் அப்போது சொல்லத் தெரியாது. பதினேழு வயதுப் பெண்ணுக்குப் பிடிக்காதவை ஆயிரம் இருக்கும், அதில் இதுவும் ஒன்று என்று என்னைப் பெற்ற அய்யா விட்டுவிட்டார். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டேன். காரணம் நன்றாகச் சொல்லத் தெரியும், கேட்கத்தான் ஆளில்லை.

எங்கள் ஊர் ராமேஸ்வரம் தீவின் வடகரையில் இருக்கிறது. தெற்கே இருப்பது ஆண் கடல், எங்கள் பக்கம் பெண் கடல். பெண் கடல் சாது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். சாதுவாக இருக்கிறவள் கோபப்பட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாது. அய்யாவும் முதலில் கடல் தொழிலுக்குப் போனவர்தான். வள்ளத்தைக் கரையேற்றும்போது கால் அடியில் சிக்கி, முழங்கால் மடங்காமல் போய்விட்டது. அதன்பிறகு மைக் செட் வைத்தார். ஒரு ஆம்ப்ளிபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒரு லாரி பேட்டரி, இரண்டு கூம்பு ஸ்பீக்கர். கோயில் திருவிழா, கல்யாணம், பிள்ளைகள் முதல்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை, சாவு எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டு ஸ்பீக்கர்தான். அம்மா நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே போய்விட்டாள். வீட்டில் அய்யா, நான், என் தம்பி, மூன்று பேர்தான்.

அப்போது ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. பரட்டைத் தலையும் கிழிந்த கால்சட்டையுமாக வெள்ளைக்காரர்கள் அக்கரைக்குப் போக வந்து நிற்பார்கள். எழுபத்து நான்கோ ஐந்தோ, ஒரு மழைக்காலத்தில் கப்பல் நின்றுபோனது. அப்படி வந்தவர்களில் ஒருவன் காய்ச்சலோடு எங்கள் ஊர்க் கடற்கரையில் வந்து விழுந்து கிடந்தான். அய்யா மைக் செட் கொட்டகையில் பாய் போட்டுக் கொடுத்தார். கஞ்சி வைத்து ஊற்றியது நான். அவன் சொன்னது எங்களுக்குப் புரியாது, நாங்கள் சொன்னது அவனுக்குப் புரியாது. காய்ச்சல் விட்டதும் தன் துணி மூட்டையை அவிழ்த்து, துண்டில் சுற்றி வைத்திருந்த நாலைந்து ரெக்கார்டுகளில் ஒன்றை எடுத்து அய்யா கையில் கொடுத்தான். மீதியைத் திரும்பச் சுற்றிக்கொண்டு கப்பலேறி அக்கரைக்குப் போய்விட்டான். பிறகு அவனைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அட்டையில் ஒரு மொட்டை மரம், தண்டவாளம், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள். முகம் தெரியாத ஆள் படத்தை வீட்டில் வைத்துக்கொள்வது எனக்கு உவப்பாக இல்லை. அய்யா அன்றைக்கே போட்டுப் பார்த்தார். முதலில் ஒரு மவுத் ஆர்கன் இழுத்தது. பிறகு டிரம், மெதுவாக, பெட்டியில் ஆணி அடிக்கிற மாதிரி. பிறகு கிட்டார் ஊளையிட்டது. அதற்கு மேல் ஒருவன் தொண்டை கிழிந்த குரலில் புலம்பினான். தெருநாய்கள் எழுந்து நின்றன. பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"அய்யா, இந்தப் பேய் ரெக்கார்ட நிறுத்துங்க" என்றேன்.

"பேயில்ல ஆத்தா. நல்லாக் கேளு. ஒரு வரியச் சொல்றான், அதையே திருப்பிச் சொல்றான், மூணாவதா அதுக்குப் பதில் சொல்றான். இது ஒப்பாரி. அவங்க ஊரு ஒப்பாரி" என்றார் அய்யா. ஊரில் எத்தனையோ சாவு வீட்டில் ஸ்பீக்கர் கட்டியவர், ஒப்பாரி அவருக்குத் தெரியும். எனக்கு அதைக் கேட்டதும் இன்னும் பிடிக்காமல் போனது. சாவு விழாத வீட்டில் எதற்கு ஒப்பாரி?

பிடிக்காத அந்தச் சனியன்தான் ஊருக்கே வேண்டியதாகிப் போனது.

தை, மாசியில் எங்கள் பக்கம் விடியற்காலையில் பனி மூடிவிடும். கடலும் தெரியாது, கரையும் தெரியாது. முந்தின சாயங்காலம் வலை விடப் போன வள்ளங்கள் திரும்பும் நேரம் அது. பனிக்குள் திசை தெரியாமல் நிற்கிறவர்களுக்காகக் கரையில் ஸ்பீக்கரைக் கடலைப் பார்த்துத் திருப்பிப் பாட்டுப் போடுவது வழக்கம். வள்ளத்தில் இருப்பவர்கள் இஞ்சினை அமர்த்திவிட்டுக் காதைக் கொடுப்பார்கள். சத்தம் வரும் பக்கம் கரை. ஆனால் எல்லா ஊரிலும் மைக் செட் இருக்கிறது, எல்லாரும் அதே சினிமாப் பாட்டு, அதே மாதா பாட்டு. நம் ஊர் என்று நினைத்து அடுத்த ஊரில் போய் ஏறுவார்கள். அங்கே ஏலக்காரர் வேறு, சண்டை வேறு. இன்னும் மோசம், அக்கரையிலும் அதே பாட்டுத்தான். ஒருமுறை எங்கள் ஊர் வள்ளம் ஒன்று பாட்டைக் கேட்டுக்கொண்டே போய்த் தலைமன்னார் பக்கம் கரையேறிவிட்டது.

ஒரு பனிக்காலையில் அய்யாவின் ரெக்கார்டுப் பெட்டி ஒரு கல்யாண வீட்டில் மாட்டிக்கொண்டது. கையில் இருந்தது வெள்ளைக்காரன் கொடுத்தது மட்டும்தான். வேறு வழியில்லாமல் அதைப் போட்டார். அன்றைக்கு ஒரு வள்ளம்கூடத் திசை தப்பவில்லை, எல்லாம் நேராக வந்து எங்கள் கரையில் ஏறின. இறங்கியவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

"இந்தக் கருமத்த நம்ம ஊருல தவிர எவன்யா போடுவான்?"

அன்றிலிருந்து பனி மூடினால் அந்த ரெக்கார்டுதான் என்று ஆகிவிட்டது. அய்யாவுக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற ரெக்கார்டுகளை வேட்டி நுனியால் துடைப்பவர், இதற்கென்று ஒரு வெல்வெட் துணி வாங்கி வைத்தார். வேறு எதற்கும் அதைப் போட மாட்டார். நான் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு இருந்தேன். பனிக்குள்ளிருந்து அந்தக் குரல் எழும்பும்போது, அது வள்ளங்களைக் கூப்பிடவில்லை, வேறு எதையோ கூப்பிடுகிறது என்று எனக்குத் தோன்றும். சொன்னால் திட்டுவார்கள், சொல்லவில்லை.

அய்யாவின் தங்கை மகனுக்கே என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். நானும் மச்சானும் ஒரே தெருவில் மண்ணில் விளையாடி வளர்ந்தவர்கள்தான். வாய் ஓயாத ஆள். எதையும் கேலி பண்ணாமல் அவரால் இருக்க முடியாது, தன் மாமாவான என் அய்யாவைத் தவிர. மாமா முன்னால் தோளில் கிடக்கும் துண்டு இறங்கிக் கைக்கு வந்துவிடும். மச்சானுடைய தம்பி, என் கொழுந்தன், அண்ணனுக்கு நேர் எதிர். ஒரு வார்த்தை பேச ஒரு நாள் யோசிப்பான். இருவரும்தான் ஒரே வள்ளத்தில் போவார்கள்.

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகுதான் அந்தக் கீறல் விழுந்தது. கொட்டகையில் கருவாடு தேடி வந்த பூனை ஒன்று, சுற்றிக்கொண்டிருந்த ரெக்கார்டின் மேலேயே குதித்துவிட்டது. இரண்டாவது பாட்டில், மவுத் ஆர்கன் முடிந்து கிட்டார் மேலே ஏறப் போகும் இடத்தில் கீறல். முள் அங்கே வந்ததும் மாட்டிக்கொள்ளும். ஏறப் போன கிட்டார் ஏறாமல், தொடங்கிய இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து விழும். அய்யா விரலால் லேசாகத் தட்டிவிடுவார். அதன்பிறகு பாட்டு ஒழுங்காகப் போகும்.

அய்யா அதற்காக நிஜமாகவே அழுதார். அந்தப் பூனையைத் தேடிக்கொண்டு ஒரு வாரம் மடங்காத காலோடு அலைந்தார். ஊரில் ஒருவரும் அவர் முன்னால் கீறலைப் பற்றிப் பேச மாட்டார்கள். முள் மாட்டினால் எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். பெரியவர் மனசு நோகக்கூடாது என்ற மரியாதை. அந்த மரியாதை என்ன செய்யப் போகிறது என்று யாருக்குத் தெரியும்?

ஏனென்றால் கடலில் இருந்தவர்களுக்கு அந்தக் கீறல் பிடித்துப் போயிருந்தது. மச்சான் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"எனக்கு ரொம்ப நாளா ஒரு கவல புள்ள. அந்த வெள்ளக்காரன் மிச்ச ரெக்கார்டத் தூக்கிக்கிட்டு அக்கரைக்குத்தான போனான்? அங்கனயும் எவனுக்காவது இதையே குடுத்துருந்தா நாங்க என்ன பண்றது? இப்ப அந்தக் கவல தீந்துச்சு. அவன்கிட்ட இருந்தாலும் அது நொண்டாதுல்ல. முள்ளு மாட்டுனா நம்ம ஊரு. மாமா தட்டுறதுகூட எங்களுக்குக் கேக்கும்."

"இத அய்யாகிட்டச் சொன்னா சந்தோசப்படுவாருல்ல?"

"அடியே, அவருகிட்டயா? உங்க ரெக்கார்டு நொண்டுறது நல்லதுன்னு நான் போய்ச் சொல்லவா? வாயப் பொத்திக்கிட்டுக் குழம்ப ஊத்து."

நானும் சிரித்துக்கொண்டு குழம்பை ஊற்றினேன். அவருடைய நூறு கேலியில் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு அக்கரையில் கலவரம் வந்தது. கப்பல் நின்றது. காற்று எங்கள் பக்கம் அடித்தால் கடலுக்கு மேலே இடி மாதிரி சத்தம் கேட்கும். மழை வருகிறது என்று முதலில் துணி எடுக்க ஓடினோம். மழை இல்லை என்று தெரிந்த பிறகு துணியை அப்படியே விட்டுவிட்டோம். ஆட்கள் படகு படகாக வந்து இறங்கினார்கள். பாதிப் பேரை நடுக்கடலில் மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுப் படகுக்காரன் போய்விடுவான். கையில் பிள்ளையும் பானையுமாக அங்கேயே நிற்பார்கள், யாராவது போய் ஏற்றி வர வேண்டும். மண்டபத்தில் முகாம் நிரம்பி வழிந்தது.

எங்கள் ஆண்களின் பேச்சு மாறியது. திசை தப்பி அக்கரைப் பக்கம் போனால் திரும்பி வர முடியாது என்று பயந்தார்கள். யாரோ ஒரு கதை கிளப்பினார்கள்: அங்கே பாட்டுப் போட்டு நம்ம வள்ளங்களை இழுக்கிறார்கள் என்று. பார்த்தவன் எவனும் இல்லை, ஆனால் எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். பனி மூடிய காலைகளில் கரையில் கூடையோடு நிற்கும் பெண்கள் முன்பு மாதிரி வம்பு பேசுவதில்லை. கையில் ஜெபமாலை உருட்டிக்கொண்டு, அந்தப் பேய்க் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்போம். முள் மாட்டும், அய்யா தட்டுவார், கொஞ்ச நேரத்தில் பனிக்குள் இஞ்சின் சத்தம் கேட்கும். அதன்பிறகுதான் எங்களுக்கு மூச்சு வரும்.

இதற்குள் என் தம்பி வளைகுடாவுக்கு வேலைக்குப் போயிருந்தான். மூன்று வருடம் கழித்து ஒரு கிறிஸ்துமஸ் முடிந்து, தை பிறந்த பிறகு ஊருக்கு வந்தான். எனக்குச் சேலை, மச்சானுக்குக் கைக்கடிகாரம், என் ஐந்து வயது மகனுக்குச் சாவி கொடுத்தால் ஓடும் கார். அய்யாவுக்கு எதுவும் எடுக்காமல் கொஞ்ச நேரம் விளையாட்டுக் காட்டினான். பிறகு பெட்டியின் அடியிலிருந்து தட்டையாக ஒன்றை எடுத்தான். மொட்டை மரம், தண்டவாளம், முதுகு காட்டும் ஆள். அதே ரெக்கார்டு, புத்தம் புதியது. பழைய அட்டையைப் போட்டோ பிடித்துக் கையோடு கொண்டுபோய், அங்கே கடை கடையாகக் காட்டித் தேடியிருக்கிறான்.

அய்யா அதை இரண்டு கையாலும் வாங்கினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒரு கோடு இல்லை.

"இனி மாட்டாதுய்யா" என்றான் தம்பி.

அய்யா அவன் தலையில் கை வைத்தார். எனக்கும் கண் கலங்கியது. அப்பனுடைய துக்கத்தை இத்தனை வருடம் நினைவில் வைத்திருந்து தீர்த்துவைத்த பிள்ளை. பழைய ரெக்கார்டை நடு ஓட்டையில் ஆணியடித்து வீட்டுச் சுவரில், மாதா படத்துக்குக் கீழே மாட்டினான். மச்சானும் கொழுந்தனும் அன்று சாயங்காலமே, தம்பி வந்து சேரும் முன்பே, கடலுக்குப் போய்விட்டார்கள். ரெக்கார்டு வந்த சேதி அவர்களுக்குத் தெரியாது. "அடுத்த பனிக்குப் போட்டு மாப்பிள்ளைய அசத்திருவோம்" என்றார் அய்யா.

அடுத்த பனிக்கு நாள் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலையே மூடியது.

அப்படி ஒரு பனியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. காயப் போட்டிருந்த காரல் மீனின் வாடை மட்டும் இருந்தது, மீன் தெரியவில்லை. மகனைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கரைக்குப் போனேன். மற்ற பெண்களின் முணுமுணுப்பை வைத்து எங்கே நிற்கிறார்கள் என்று கண்டுபிடித்துப் பக்கத்தில் போய் நின்றேன். பாட்டுத் தொடங்கியது. புது ரெக்கார்டு, அதுவரை கேட்காத சுத்தம். அந்தக் குரல் பக்கத்தில் நின்று காதுக்குள் அழுவது போல இருந்தது. பெண்களில் ஒருத்தி, "என்னடி இது, இன்னைக்கு உசுரோட வந்துட்டான்" என்றாள்.

முதல் பாட்டு முடிந்தது. தூரத்தில் ஒரு இஞ்சின் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. காது கொடுக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் வள்ளத்தின் இஞ்சின் சத்தம் எனக்குத் தெரியும், அது எங்களுடையதுதான். கூப்பிட்டால் கேட்காது, ஆனால் ரொம்ப தூரமும் இல்லை. நிம்மதியாகக் கூடையை இடுப்புக்கு மாற்றினேன்.

இரண்டாவது பாட்டு. மவுத் ஆர்கன் இழுத்தது, முடிந்தது. என் காது தன்னாலே அந்த இடத்துக்குக் காத்திருந்தது. கிட்டார் ஏறியது. ஏறிக்கொண்டே போய்விட்டது. கடைசிப் படி இருக்கிறது என்று காலை வைத்து, படி இல்லாமல் போவது மாதிரி எனக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது.

*முள்ளு மாட்டுனா நம்ம ஊரு.*

கடலில் இஞ்சின் மறுபடி உயிர் பிடித்தது. சத்தம் நெருங்கும் என்று நின்றேன். நெருங்கவில்லை. குறைந்துகொண்டே போனது.

கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். கொட்டகையில் அய்யா கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா ஆத்தா, எப்படி வழுக்கிக்கிட்டுப் போகுது!"

"பழசு எங்கய்யா?"

"பழசா? வீட்டுல, சுவத்துல..."

அவர் முடிக்கும் முன் ஓடினேன். வீடு தெருக்கோடியில். பனிக்குள் எந்த வேலியில் இடித்தேன், எங்கே விழுந்தேன் என்று தெரியாது. சுவரிலிருந்து பிடுங்கியபோது ஆணியும் சேர்ந்து வந்தது. ஓடும்போதே முந்தானையால் துடைத்தேன். கொட்டகைக்கு வந்து புதியதை எடுத்து வீசிவிட்டுப் பழையதைப் போட்டு, முள்ளை இரண்டாவது பாட்டில் வைத்தேன். அய்யா ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தார். மவுத் ஆர்கன் இழுத்தது, முடிந்தது, கிட்டார் ஏறப் போய் மாட்டியது. பழக்கத்தில் அய்யாவின் விரல் தட்டப் போனது. நான் அவர் கையைப் பிடித்தேன்.

"தட்டாதீங்க."

"ஊரே கேக்குது ஆத்தா, அசிங்கமா..."

"கேக்கட்டும். இதக் கேட்டுத்தான் வாராங்க. பாட்ட இல்லய்யா, இத. இது மாட்டலன்னா அக்கரன்னு நெனச்சுத் திருப்பிருவாங்க. மச்சான் திருப்பிட்டாரு. சத்தம் கேட்டேன்."

அய்யா என் முகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் அது எப்படி இறங்கியது என்று நான் எழுதப் போவதில்லை. அவர் கை என் கைக்குள் அப்படியே கிடந்தது, விடுவித்துக்கொள்ளவில்லை. ஒரே இடத்தில் முட்டி முட்டி விழும் அந்தச் சத்தம் பனிக்குள் போய்க்கொண்டே இருந்தது. எத்தனை நேரம் என்று தெரியாது. எனக்குக் கை மரத்துப்போயிற்று. அந்தப் பாட்டை நான் ஒருநாளும் விரும்பிக் கேட்டதில்லை. அன்றைக்கு அதைக் கும்பிட்டேன். சேசுவே என்று சொல்ல வாயெடுத்தால், விடாமல் மாட்டு, அங்கே போ, கேட்க வை என்று அந்தக் கிட்டாரிடம்தான் மன்றாடினேன்.

வள்ளங்கள் வந்தன. ஒவ்வொன்றாகப் பனியைக் கிழித்துக்கொண்டு வந்து ஏறின. இறங்கியவர்கள், "மொதல்ல வேற எதுவோ பாடுச்சே மாமா, நாங்க வெளியவே நின்னுட்டோம்" என்றார்கள். அவர்கள் எல்லாம் நின்றவர்கள், பொறுத்தவர்கள். எங்கள் ஆளுக்கு மட்டும் எதிலும் அவசரம். வெயில் ஏறிப் பனி விலகியபோது கடல் துடைத்து வைத்த மாதிரி இருந்தது, அதில் ஒன்றும் இல்லை. பேட்டரி தீர்ந்து அந்தச் சத்தம் இழுத்து இழுத்து அடங்கியது. அப்போதுதான் அய்யாவின் கையை விட்டேன்.

கொழுந்தன் மட்டும் வந்தான். சில நாள் கழித்து, மண்டப முகாமிலிருந்து. மணல் திட்டில் இறக்கிவிடப்பட்ட அகதிகள், நீரில் மிதந்து வந்தவனைத் தூக்கிக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிப் போனவர்கள் இவனையும் அகதி என்று சேர்த்துக் கூட்டிப் போய்விட்டார்கள். பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தவனை வேறு என்னவென்று நினைப்பார்கள்? எங்கள் மாதா கோயில் சாமியார் போய்ச் சொல்லி அழைத்து வந்தார்.

வாசலில் உட்கார்ந்து கொஞ்சம்தான் சொன்னான். பாட்டு மாட்டவில்லை, இது நம்ம ஊரில்லை, அக்கரை, இழுக்கிறார்கள் என்று அண்ணன் வள்ளத்தைத் திருப்பினார். டீசல் தீர்ந்தது. பனி விலகும் நேரம் வாடைக்காற்று எழும்பித் திட்டுப் பக்கம் தள்ளியது. அலை புரட்டிப் போட்டது. தண்ணீரில் அண்ணனை ஒருமுறை பார்த்தானாம், அப்புறம் பார்க்கவில்லையாம். அவ்வளவுதான். அய்யா அந்த வார்த்தைகளை நின்றுகொண்டே கேட்டார். மடங்காத காலை வைத்துக்கொண்டு அவர் உட்காரத் தடுமாறியபோது யாரும் போய்ப் பிடிக்கவில்லை, நானும் போகவில்லை.

தம்பி புது ரெக்கார்டை முழங்காலில் வைத்து உடைத்தான். அடுத்த வாரமே திரும்பிப் போனவன் பல வருடம் ஊர்ப் பக்கம் வரவில்லை. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். சாகும்வரை போகாது என்றுதான் நினைத்தேன். போய்விட்டது, எப்போது போனது என்று தெரியவில்லை. அய்யா மைக் செட்டைக் கைமாற்றிவிட்டார். ஒப்பாரிக்குக்கூட ஸ்பீக்கர் கட்டப் போனதில்லை. ஆறேழு வருடம் வீட்டுக்குள்ளேயே இருந்து போய்ச் சேர்ந்தார். பழைய ரெக்கார்டு என் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. வீட்டில் அதைப் போட மிஷினும் இல்லை, மனமும் இல்லை.

என்னை அரித்தது ஒன்றே ஒன்றுதான். மனுஷன் தன் வீட்டை அடுத்தவன் வீடு என்று நினைத்துக்கொண்டே போய்விட்டார். நாங்கள் கூப்பிட்டதை எதிரி கூப்பிட்டதாக எண்ணிக்கொண்டு செத்தார். சாவைவிட அது பெரிதாக இருந்தது எனக்கு. இருபது வருடம் தூக்கத்தில் அதே இஞ்சின் சத்தம் குறைந்துகொண்டே போகும்.

அக்கரையில் சண்டை முடிந்துவிட்டது என்று டி.வி.யில் சொன்ன வருடம், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகன் லீவில் வந்தான். முந்தின தடவை வந்தபோது அந்த ரெக்கார்டைக் கேட்டு வாங்கிப் போயிருந்தான், தாத்தா ஞாபகமாக வைத்துக்கொள்கிறேன் என்று. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கொழுந்தன் சாப்பிட வந்திருந்தான். இப்போதெல்லாம் வள்ளத்தில் ஜி.பி.எஸ். இருக்கிறது, பனிக்கு யாரும் பாட்டுப் போடுவதில்லை. அவனும் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டான், மீன் கமிட்டியில் எடை போடுகிறான். இரண்டு பேருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஒன்னு கேளுங்க" என்று மகன் லேப்டாப்பைத் திறந்தான். அந்த டிரம் தொடங்கியது. எனக்குக் கரண்டி கையில் அப்படியே நின்றது.

"கரகரப்பு எல்லாத்தையும் எடுத்துட்டேன். ரெண்டாவது பாட்டுல ஒரு எடத்துல மாட்டிக்கிட்டே இருக்கும்ல, அதையும் எடுத்துட்டேன். எவ்வளவு நேரம் பிடிச்சது தெரியுமா? கேளுங்க."

அவன் முகத்தில் இருந்த பெருமை அன்றைக்கு என் தம்பி முகத்தில் இருந்ததேதான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அப்பா கடலில் போனார் என்றுதான் சொல்லி வளர்த்தேன், எப்படி என்று சொல்லவில்லை. மவுத் ஆர்கன் இழுத்தது, முடிந்தது. கிட்டார் ஏறியது, தடங்கல் இல்லாமல் ஏறிப் போய்விட்டது.

கொழுந்தனின் கை சோற்றில் நின்றது. எழுந்து வெளியே போனான். கை கழுவப் போகிறான் என்று நினைத்தேன். வாசற்படியில் எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தான். நான் போய் நின்றதும் நிமிர்ந்து பார்க்காமலே பேசினான்.

"மதினி, நான் அன்னைக்கு முழுசாச் சொல்லல."

"என்னத்த?"

"டீசல் தீந்துச்சுல்ல. இஞ்சின் நின்ன பொறகுதான் கேட்டுச்சு. ரொம்பத் தூரத்துல, முதுகுக்குப் பின்னால. மாட்டிக்கிட்டே இருந்துச்சு. அண்ணன் அப்படியே திரும்பி உக்காந்துருச்சு, நம்ம ஊரப் பாத்து."

நான் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா காதுல விழுந்தா தாங்க மாட்டாருன்னு சொல்லல. அவரு போன பொறகு, நீங்க ஆறிட்டீங்கன்னு நெனச்சு விட்டுட்டேன். காத்து எழும்புற வரைக்கும் அண்ணன் அதத்தான் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. பயப்படவேயில்ல மதினி. நான்தான் அழுதேன். 'மாமா ஏண்ணே தட்டாம விட்டுட்டாரு'ன்னு கேட்டேன். அதுக்குச் சிரிச்சுச்சு. 'மாமாவால இவ்வளவு நேரம் தட்டாம இருக்க முடியாதுடா. உன் மதினி அவரு கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா'ன்னுச்சு."

உள்ளே மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மகன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றான்.

"பழசு எங்கடா?" என்று அவனிடம் கேட்டேன்.